குடோனில் இருக்கிறது, திரையில் இல்லை: சேல்ஸ் ஆர்டர் பேக்ஆர்டரில் விழுவது ஏன்?

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் ஷூவோ தோலோ அதற்கான சாமான்களோ விற்கிற ஆபீஸ்களில், கம்ப்யூட்டர் வந்த பிறகு புதிதாகச் சேர்ந்த சண்டை ஒன்று உண்டு. சேல்ஸ் பையன் ஆர்டரை ஏற்றிவிட்டு பில் போடப் போவான். திரையில் பேக்ஆர்டர் என்று நிற்கும், அதாவது இப்போது கொடுக்கச் சரக்கு இல்லை, வந்த பிறகுதான் என்று. குடோனுக்குப் போன் போட்டால், "சரக்கு என் கண்ணு முன்னாடிதான் அடுக்கி இருக்குது, நீ பில்லு போடு" என்று பதில் வரும். விஷயம் முதலாளிவரை போனால் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "இந்த சாஃப்ட்வேரே சரியில்லை."

பெரும்பாலும் சாஃப்ட்வேர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கும். குடோன்காரர் பார்ப்பது ரேக்கில் இருக்கிற பெட்டியை. சாஃப்ட்வேர் பார்ப்பது இன்னும் யாருக்கும் பேசி வைக்காத பெட்டியை. இந்த இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்கிற கடை, ஆர்டரே வாங்காமல் நேரடியாக பில் போட்டு விற்கிற கடையாகத்தான் இருக்க முடியும்.

நெட்சூட், ஜோஹோ இன்வென்டரி, ஓடூ, எஸ்ஏபி என்று எந்தச் சரக்குக் கணக்கு சாஃப்ட்வேரை எடுத்தாலும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்ளே நாலு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது கையிருப்பு. அடுத்தது, அந்தக் கையிருப்பில் ஏற்கெனவே வேறு ஆர்டர்களுக்கு ஒதுக்கியது. ஒதுக்கியது போக மிச்சம் இருப்பது மூன்றாவது. இப்போது விற்கக்கூடியது இதுதான். நாலாவது, சப்ளையரிடம் சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராதது. புது ஆர்டர் வந்தால் சாஃப்ட்வேர் மூன்றாவது எண்ணைத்தான் பார்க்கும். அது போதவில்லை என்றால், போதாத அளவு பேக்ஆர்டர். முதல் எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறிப் பார்த்தால் பாதி சீட்டு காலி, ஆனால் உட்கார முடியாது. கையிருப்புக்கும் விற்கக்கூடியதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒரு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்பு ஷூ, 5-ஆம் நம்பர், கையிருப்பு 240 ஜோடி. ஜூனில் பள்ளி திறக்கும்போது கொடுக்க வேண்டும் என்று ஒரு பார்ட்டி ஏப்ரலிலேயே 200 ஜோடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். மே மாதம் குடியாத்தத்திலிருந்து இன்னொரு கடைக்காரர் 60 ஜோடி கேட்கிறார். விற்கக்கூடியது 40. ஆக, 40 ஒதுக்கீடு ஆகும், 20 பேக்ஆர்டரில் போகும். ரேக்கில் அப்போதும் 240 ஜோடி இருக்கும். அதைப் பார்த்துத்தான் குடோன்காரர் சத்தம் போடுகிறார். அவர் பேச்சைக் கேட்டு 60 ஜோடியையும் தூக்கி அனுப்பினால் ஜூனில் இன்னொருவரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது நியாயமான பேக்ஆர்டர். நியாயம் இல்லாதவை கிளம்புகிற இடங்கள் வேறு. அவற்றில் முதல் இடம் பழைய ஆர்டர்களுக்கு.

முடிக்காமல் விட்ட ஆர்டர்கள்

ஒரு பார்ட்டி 100 ஜோடி சொல்கிறார். அன்றைக்கு 88 இருந்தது, அனுப்பியாயிற்று. மிச்சம் 12-ஐ அவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டார். அதை அவரும் போன் போட்டுச் சொல்லவில்லை, நம் ஆளும் கேட்கவில்லை. ஆர்டர் மட்டும் சிஸ்டத்தில் திறந்தே கிடக்கிறது. அடுத்த லோடு வந்து இறங்கியதும் சாஃப்ட்வேர் செய்கிற முதல் வேலை, அந்தப் பழைய ஆர்டருக்கு 12 ஜோடியை எடுத்து வைப்பது. ஒரு ஆர்டரில் 12 பெரிய விஷயம் இல்லைதான். வருஷம் முழுக்க இப்படி வால் நீட்டிக்கொண்டு கிடக்கிற ஆர்டர்களைக் கூட்டிப் பாருங்கள். வேகமாக ஓடுகிற நம்பரில் நல்ல ஒரு பங்கு, யாரும் கேட்காத சரக்காக முடங்கியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சும்மா விலை கேட்டவருக்குப் போட வேண்டிய கொட்டேஷனை சேல்ஸ் ஆர்டராகவே ஏற்றி வைப்பது. கொட்டேஷன் சரக்கைப் பிடித்து வைக்காது, சேல்ஸ் ஆர்டர் பிடித்து வைக்கும். இரண்டுக்கும் திரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சீசன் நேரத்தில் தன் ரூட்டில் உள்ள பார்ட்டிக்குச் சரக்கு கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று, பார்ட்டி கேட்பதற்கு முன்பே அவர் பெயரில் ஒரு ஆர்டரைப் போட்டு வைக்கிற சேல்ஸ்மேன் எல்லா ஊரிலும் உண்டு. அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. யார் முதலில் ஏற்றினாரோ அவருக்கே சரக்கு என்று விதி வைத்தால் எல்லாரும் முந்தத்தான் பார்ப்பார்கள்.

அந்த விதியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சில சாஃப்ட்வேர்களில் ஆர்டரை உறுதி செய்த நிமிஷமே ஒதுக்கீடு நடந்துவிடும். ஓடூவில் இதை மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம்: உறுதி செய்ததும், அனுப்ப வேண்டிய தேதிக்கு இத்தனை நாள் முன்பு, அல்லது ஆள் பார்த்துக் கையால். ஜூனில் போக வேண்டிய 200 ஜோடி ஏப்ரலிலேயே முடங்கியதற்குக் காரணம் முதல் விதி. இரண்டாவதை வைத்திருந்தால் குடியாத்தத்துக்காரருக்கு மே மாதமே 60 ஜோடியும் போயிருக்கும். ஜூனுக்குள் அடுத்த லோடு வந்து ஈடுகட்டியிருக்கும். வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், அதுதான் அந்த விதியில் உள்ள ஆபத்து. சப்ளையரை எவ்வளவு நம்பலாம் என்று முதலாளிக்குத்தான் தெரியும்.

ஆர்டரின் வரியில் வைக்கிற ஒதுக்கீட்டு வகை இன்னும் மோசமான விளைவைத் தரும். நெட்சூட்டில் ஆர்டரின் ஒவ்வொரு வரிக்கும் 'இருக்கிற அளவுக்கு ஒதுக்கு', 'முழுசாக இருந்தால் ஒதுக்கு', 'ஒதுக்காதே' என்று மூன்று வகை உண்டு. யாரோ எப்போதோ 'ஒதுக்காதே' என்று மாற்றிவிட்டு மறந்திருந்தால், குடோன் நிறையச் சரக்கு இருந்தாலும் அந்த வரி பேக்ஆர்டரில்தான் நிற்கும். விற்கக்கூடிய சரக்கு இருந்தும் பேக்ஆர்டர் என்று புகார் வந்தால் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

லாரி வந்தது, என்ட்ரி வரவில்லை

சென்னைத் துறைமுகத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48-இல் கிளம்புகிற லோடு வாலாஜா டோல்கேட்டைத் தாண்டி ராணிப்பேட்டை குடோனில் இறங்குவது சாயங்காலம் என்று வையுங்கள். இறக்குகிற ஆட்கள் கிளம்பிவிட வேண்டும், டிரைவருக்கு அவசரம். சலானில் கையெழுத்துப் போட்டு வாங்கி ஆணியில் குத்தியாயிற்று. சிஸ்டத்தில் ஏற்றுவது நாளைக் காலை. மறுநாள் காலையில் அக்கவுன்ட்ஸ் ஆள் லீவு. நடுவில் வந்த ஆர்டர் எல்லாம் பேக்ஆர்டர். சரக்கு வந்தது உண்மை, சிஸ்டத்துக்குச் சொல்லாததும் உண்மை.

இதிலேயே இன்னும் சிக்கலான வகை ஒன்று இருக்கிறது. ஜோஹோ இன்வென்டரியில் சரக்குக் கணக்கு இரண்டு விதமாக ஓடும். பில், இன்வாய்ஸ் இவற்றை வைத்து ஓடுவது ஒன்று. உண்மையில் சரக்கு வந்து இறங்கியதையும் கிளம்பிப் போனதையும் வைத்து ஓடுவது மற்றொன்று. சப்ளையரின் பில்லை ஆபீசில் ஏற்றிவிட்டார்கள், சரக்கு வரவை குடோனில் ஏற்றவில்லை என்றால் ஒரு கணக்கில் சரக்கு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆபீஸ் ஆளும் குடோன் ஆளும் ஒரே சாஃப்ட்வேரில் வேறு வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் சிஸ்டத்தில் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று சத்தியம் செய்வார்கள்.

இடம் மாறிப்போவது அடுத்த தலைவலி. ராணிப்பேட்டையில் குடோன், வேலூர் லாங்கு பஜாரில் கடை என்று இரண்டு இடம் வைத்திருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஜிஎஸ்டி எண் என்பதால் நடுவில் பில் வேண்டியதில்லை, டெலிவரி சலானில் சரக்கு போகும். கடையில் ஆள் கூட்டம், "நாலு பெட்டி உடனே அனுப்புப்பா" என்று போன் வரும், ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த மாற்றத்தை சிஸ்டத்தில் போடவில்லை. இப்போது கடையில் நாலு பெட்டி இருக்கிறது, கணக்கில் இல்லை. குடோன் கணக்கில் இருக்கிறது, பெட்டி இல்லை. கடைப் பெயரில் ஆர்டர் போட்டால் பேக்ஆர்டர். குடோன் பெயரில் போட்டால் ஒதுக்கீடு ஆகும், எடுக்கப் போனால் ஒன்றும் இருக்காது. முதலாவதைவிட இரண்டாவது ஆபத்தானது. பார்ட்டிக்குச் சரக்கு ரெடி என்று சொல்லிவிட்டு அப்புறம் இல்லை என்று சொல்ல வேண்டி வரும்.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. முகவரியைத் திருத்தச் சொன்னால் பழைய பதிவைத் திருத்தாமல் 'ராணிப்பேட்டை குடோன்' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடுவது மிகச் சுலபம். பழைய பெயரிலும் சரக்கு, புதுப் பெயரிலும் சரக்கு, சுவர் என்னவோ ஒன்றுதான். ஆர்டர் எந்தப் பெயரைப் பிடிக்கிறதோ அதில் இல்லாததெல்லாம் இல்லாததே.

12 ஜோடி அட்டைப்பெட்டியின் கணக்கு

ஷூ, செருப்பு வியாபாரத்தில் பேக்ஆர்டர் வருவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மொத்தத்தில் சரக்கு போவது அட்டைப்பெட்டிக் கணக்கில். ஒரு பெட்டிக்கு 12 ஜோடி, ஆனால் ஒரே சைஸ் இல்லை, கலந்து கட்டியது. உதாரணமாக 6-ஆம் நம்பர் 1, 7-ஆம் நம்பர் 2, 8-ஆம் நம்பர் 4, 9-ஆம் நம்பர் 3, 10-ஆம் நம்பர் 2. ஆண்கள் ஷூவில் 8-உம் 9-உம்தான் ஓடும் என்பதால் அவை கூடுதல்.

குடோனில் இருப்பது இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 6-ஆம் நம்பர் 30 ஜோடி, 7-ஆம் நம்பர் 55, 8-ஆம் நம்பர் 22, 9-ஆம் நம்பர் 70, 10-ஆம் நம்பர் 48. கூட்டினால் 225 ஜோடி. ஒரு பார்ட்டி 15 பெட்டி கேட்கிறார், அதாவது 180 ஜோடி. 225 இருக்கிறதே, தாராளமாகக் கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் 8-ஆம் நம்பர் 22 ஜோடியில் 5 பெட்டிதான் கட்ட முடியும், 2 ஜோடி மிஞ்சும். மீதி 10 பெட்டி பேக்ஆர்டர். திரையில் 120 ஜோடி பற்றாக்குறை என்று காட்டும். உண்மையில் குறைவது 8-ஆம் நம்பரில் 38 ஜோடி மட்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் காசை விடுகிறார்கள். பேக்ஆர்டருக்கு ஏற்றபடி பர்ச்சேஸ் ஆர்டரைத் தானாகப் போடுகிற வசதி பல சாஃப்ட்வேர்களில் உண்டு. அது கலந்து கட்டிய பெட்டியாகவே 10 பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டால் 8-ஆம் நம்பர் 40 ஜோடி வரும், சரி. கூடவே மற்ற நம்பர்களில் 80 ஜோடியும் வந்து இறங்கும். அவை ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடந்தவை. அடுத்த சீசனில் அதையே சைஸ் உடைந்த சரக்கு என்று பாதி விலைக்குத் தள்ளுவார்கள். கலந்த பெட்டியைத் தனி ஐட்டமாக வைக்காமல், சைஸ் வாரியாகச் சரக்கும் அதன் மேல் ஒரு செட்டாகப் பெட்டியும் என்று அமைத்தால்தான் எந்த நம்பர் இடிக்கிறது என்று தெரியும்.

தோலில் இதே கதை வேறு உருவத்தில் வரும். பச்சைத் தோல் பதனிட்டு, சாயம் ஏற்றி, ஃபினிஷ் ஆகி வரும்போது ஒவ்வொரு டிரம்மிலிருந்து வருவதும் ஒரு லாட். கறுப்பு என்றாலும் ஒரு லாட்டின் கறுப்பு இன்னொன்றுக்கு ஒட்டாது. 2,000 சதுர அடி கேட்கிறார்கள். கையிருப்பு 2,600 சதுர அடி. ஆனால் மூன்று லாட்டாக, 1,100, 900, 600. ஒரே லாட்டில் வேண்டும் என்று ஆர்டரில் குறித்திருந்தால் எதுவும் ஒதுக்கீடு ஆகாது. இதைச் சாஃப்ட்வேரின் பிடிவாதம் என்று நினைத்துக் கலந்து அனுப்பினால், இடது கால் ஒரு கறுப்பாகவும் வலது கால் ஒரு கறுப்பாகவும் ஷூ தைத்து, லோடு அப்படியே திரும்பி வரும். லாட்டுக்கு மேல், தரம் பிரிக்கிற செலக்‌ஷன் இருக்கிறது. ஏ கிரேடு கேட்டவருக்கு சி கிரேடு இருப்பு எந்த உதவியும் செய்யாது. தரம் பார்த்து முடிக்காத தோல் 'சோதனையில்' என்ற நிலையில் இருந்தால் அதுவும் விற்கக்கூடியதில் சேராது. சோதனை முடிந்து நாலு நாள் ஆகியும் நிலையை மாற்றாமல் விட்டால், அது கையிருப்பாகத் தெரியும், ஆர்டருக்குக் கிடைக்காது.

வேலூர் டவுனுக்குள் இதே சிக்கல் மருந்துக் கடைகளுக்கு உண்டு. சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கிற ஐடா ஸ்கடர் ரோட்டைச் சுற்றி மருந்தும் சர்ஜிகல் சாமானும் விற்கிறவர்கள் ஏராளம். அங்கே லாட்டுக்குப் பதில் பேட்ச், கூடவே காலாவதித் தேதி. முதலில் காலாவதி ஆவதை முதலில் அனுப்பு என்று விதி வைப்பார்கள். ஆறு மாதமாவது பாக்கி இருக்கிற பேட்ச்தான் வேண்டும் என்று வாங்குபவர் கேட்டால், மூன்று மாதத்தில் முடிகிற பேட்ச் அலமாரி நிறைய இருந்தும் அவருக்கு பேக்ஆர்டர்தான். ஊருக்குத் திரும்பும்போது மாதக் கணக்கில் மருந்து வாங்கிப் போகிற வெளிமாநில நோயாளிகள் நிறைய வருகிற ஊர் இது. அவர்களுக்குக் கொடுக்கிற கடைக்காரர் பாக்கி மாதங்களைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அளவும் தேதியும்

தோலை உள்ளூரில் சதுர அடியில் பேசுவார்கள், வெளிநாட்டுப் பேப்பரில் சதுர மீட்டர் வரும். ஒரு சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி. 100 சதுர மீட்டர் வந்ததை, அளவை மாற்றாமல் 100 சதுர அடி என்று ஏற்றிவிட்டால் 1,076 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருக்கும். 600 சதுர அடிக்கு ஆர்டர் வந்தால் 500 பேக்ஆர்டர். ஜோடியும் பெட்டியும் மாறிப்போவது, டஜனும் க்ரோஸும் (12 டஜன்) மாறிப்போவது எல்லாம் இதே குடும்பம். ஒரு அடையாளம் உண்டு: இருக்க வேண்டிய இருப்புக்கும் திரையில் உள்ள இருப்புக்கும் 12 மடங்கோ 10.76 மடங்கோ வித்தியாசம் இருந்தால் குடோனுக்கு ஓட வேண்டாம், ஐட்டத்தின் அளவு முதலான விவரம் பதிந்திருக்கிற ஐட்டம் மாஸ்டரைத் திறந்து பாருங்கள்.

தேதித் தவறு இதைவிடச் சின்னது. அனுப்ப வேண்டிய தேதியை ஆர்டர் போட்ட தேதியாகவே விட்டுவிடுவார்கள். எல்லா ஆர்டரும் இன்றைக்கே வேண்டும் என்று நின்றால், எது உண்மையில் அவசரம் என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது.

டேலி என்கிற அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டை முழுவதுமே புதிதாகத் தெரியும். டேலியில் சேல்ஸ் ஆர்டர் போட்டாலும் அது சரக்கைப் பிடித்து வைக்காது. இருப்பு இல்லாமல் பில் போட்டாலும் எச்சரிக்கை காட்டிவிட்டு விட்டுவிடும், இருப்பு மைனஸில் போகும். ரீஆர்டர் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைத் திறந்தால்தான் இருப்போடு வர வேண்டிய பர்ச்சேஸைக் கூட்டி, போக வேண்டிய ஆர்டரைக் கழித்து நிகர இருப்பு என்று ஒன்றைக் காட்டும். அந்தப் பழக்கத்தோடு வேறு சாஃப்ட்வேருக்கு மாறுகிறவர், இது ஏன் பில் போட விடமாட்டேன் என்கிறது என்று எரிச்சல் படுவது சகஜம். என் கருத்தில், ஒரே குடோன், நாலு சேல்ஸ்மேன், ஆர்டர் வந்த அன்றே டெஸ்பாட்ச் என்று நடக்கிற கடைக்கு டேலி முறையே போதும். ஒரே சரக்குக்கு ஒரே நேரத்தில் பலர் வாக்குக் கொடுக்கிற இடத்தில்தான் ஒதுக்கீடு தேவை. ஒதுக்கீடு வந்துவிட்டால் பேக்ஆர்டரும் கூடவே வரும்.

ஓடூவுக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். அங்கே 60-க்கு 40 மட்டும் அனுப்புவதாகப் பதிந்தால், மிச்சத்துக்கு பேக்ஆர்டர் போடட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் 20-க்குத் தனியாக ஒரு டெலிவரி உருவாகும். வேண்டாம் என்றால் அந்த 20 அனுப்பப்படாமலே முடிந்துவிடும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனால், முன்பு சொன்ன வால் நீட்டிய ஆர்டர்கள் இங்கேதான் பிறக்கின்றன.

நிஜமாகவே சரக்கு இல்லாதபோது

எல்லா என்ட்ரியும் சரியாக இருந்தும் பேக்ஆர்டர் வந்தால், வாங்குகிற கணக்கில் கோளாறு. ஒரு ஐட்டம் நாளைக்குச் சராசரி 12 ஜோடி போகிறது, சப்ளையர் 15 நாளில் தருகிறார், கைகாவலுக்கு 60 ஜோடி என்றால், இருப்பு 240-க்கு இறங்கும்போது ஆர்டர் போட வேண்டும். இந்த 240-ஐ ஒரு தடவை மாஸ்டரில் ஏற்றிவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சப்ளையர் 15 நாளை 25 நாளாக்கிவிட்டார் என்று வையுங்கள். 240 ஜோடி 20 நாளுக்குத்தான் வரும். கடைசி 5 நாளில் வருகிற 60 ஜோடி ஆர்டரும் பேக்ஆர்டர். விற்பனை ஏறியிருக்காது, யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் மாதாமாதம் இதே ஐட்டம் சிவப்பில் நிற்கும்.

இந்த வட்டாரத்தில் அந்த 15 நாள் 25 நாளாவதற்குக் காரணங்கள் நிறைய. பச்சைத் தோல் வரத்து ஒரே சீராக இருக்காது. பக்ரீத் முடிந்ததும் பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் தோல் வந்து குவியும், மற்ற மாதங்களில் அப்படி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காய்வது இழுக்கும். அப்புறம் கழிவுநீர். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சுத்திகரிப்பு இல்லாமல் டேனரியை (தோல் பதனிடும் ஆலையை) ஓட்ட முடியாது. சின்ன டேனரிகள் பல, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தே ஓடுகின்றன. அந்த நிலையத்தில் வேலை நின்றால் அதோடு இணைந்த எல்லா டேனரியும் சேர்ந்து தடுமாறும். ஒரு சப்ளையர் கைவிட்டால் இன்னொருவர் இருக்கிறார் என்று இரண்டு பேரை வைத்திருப்பவர், இரண்டு பேரும் ஒரே நிலையத்தில் இணைந்தவர்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சாஃப்ட்வேர் இதைச் சொல்லாது. அதற்கு இரண்டும் இரண்டு தனிப் பெயர்கள், அவ்வளவுதான்.

சரி, திரையில் சிவப்பைப் பார்த்தால் எங்கிருந்து தொடங்குவது? நான் பார்க்கிற வரிசை இது. முதலில் அந்த ஐட்டத்தின் கையிருப்பையும் ஒதுக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கையிருப்பே பூஜ்யம் அல்லது ரொம்பக் குறைவு என்றால் வரவு என்ட்ரி, இடம், அளவு இவற்றில் ஒன்று. அதுவும் இல்லையென்றால் நிஜப் பற்றாக்குறை. கையிருப்பு இருந்து ஒதுக்கியதில் எல்லாம் போயிருந்தால், யாருக்கு ஒதுக்கியது என்று அந்த எண்ணைத் தட்டித் திறந்து பட்டியலைப் பார்ப்பது. பழைய தேதிகள் மேலே நிற்கும், பாதிக்கும் மேற்பட்ட புகார்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கையிருப்பும் இருந்து, ஒதுக்கியதும் குறைவாக இருந்து, ஆனாலும் பேக்ஆர்டர் என்றால்தான் லாட், செட், வரியின் ஒதுக்கீட்டு வகை என்று உள்ளே போக வேண்டும்.

பட்டியலில் கிடக்கிற பழைய ஆர்டர்களை மொத்தமாக அழித்துவிடலாமே என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். அழிக்க வேண்டாம். அட்வான்ஸ் வாங்கியிருக்கலாம், 88 ஜோடிக்குப் போட்ட பில் அந்த ஆர்டரோடு கோத்திருக்கும். மிச்சத்தை மட்டும் முடித்து வைக்கிற வசதி பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் போதும். 3 ஜோடி பாக்கிக்காகத் தனியாக பார்சல் போட்டால் லாரி ஆபீஸ் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் எத்தனை ஜோடிக்குக் கீழே என்றால் பாக்கியை முடித்துவிடலாம் என்று முதலாளி ஒரு எண்ணைச் சொல்லிவிட வேண்டும். முடிப்பதற்கு முன் பார்ட்டிக்கு ஒரு போன். "அண்ணே, அந்த மூணு ஜோடி இனி வேணுமா, இல்ல அடுத்த ஆர்டர்ல சேத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வார். இதை மாசக் கடைசியில், இருப்பு எடுக்கிற அன்றைக்கே செய்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.